எலி தின்ற கயிறு

கமலேஸ்வரியின் அழுகை எழுபத்தைந்து ரூபாய், அது இந்த வருடத்து விலை, போன வருடம் ஐம்பத்தைந்து, முதன்முதலில் அறுபத்தோராம் ஆண்டில் பத்தே ரூபாய், ஆனால் அழுகை என்னவோ அதே அழுகைதான், ராணி செத்த மகனின் தலையை மடியில் வைத்துக்கொண்டு அழுகிற பதினொரு நிமிடம், நாடகம் வருடத்துக்கு வருடம் மாறினாலும் அது மாறாது, சோமசேகரம் மாஸ்டர் எழுதுகிற எந்த நாடகத்திலும் யாராவது ஒரு ராணிக்கு ஒரு மகன் சாகத்தான் வேண்டும், பதினெட்டு வருடத்தில் ஒரே ஒரு தடவையைத் தவிர ஒரு விம்மல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை... அபூதாஹிர் பேனாவின் மூடியைக் கழற்றினார், பூட்டினார், மறுபடி கழற்றினார். ஜும்ஆத் தொழுகை முடிந்து சாப்பிட்டுவிட்டு வந்து கடைக் கதிரையில் உட்கார்ந்தது இரண்டரைக்கு, இப்போது மூன்று ஆகப்போகிறது, வெளியே கோடைக் கச்சான் காற்று வீதிப் புழுதியை வாரி வாரி உள்ளே இறைக்கிறது, மேசையில் துறைமுக நாடக மன்றத்தின் கணக்குப் புத்தகம், அதன் பக்கத்தில் ஒரு வெற்றுத் தாள். அந்தத் தாளில் அவர் இத்தனை வயதுக்கும் எழுதாத ஒரு சொல்லை எழுத வேண்டும். நட்டம். எழுதி, மன்றத்தின் பொருளாளர் என்று கையெழுத்து வைத்து, செயலாளர் சோமசேகரம் மாஸ்டரிடம் கொடுத்தால், அவர் அதைச் சைக்கிளில் வாடிவீட்டுக்குக் கொண்டுபோய், கொழும்பிலிருந்து வந்து அங்கே தங்கியிருக்கிற கலாசாரக் கந்தோர் உத்தியோகத்தர் பாக்கியரத்தினம் நாலரை பஸ் ஏறுவதற்கு முன்னர் கையில் சேர்த்துவிடுவார், சேர்த்தால் கடைசி மூன்று வருட நட்டத்தில் பாதியை, ஆயிரத்தெண்ணூறு ரூபாயை, அரசாங்கம் தரும், ஆவணியில் நாடகம் மேடையேறும். எழுதாவிட்டால் நாடகம் இல்லை. ஒரே ஒரு சொல். ஒரு சொல்லுக்கு ஆயிரத்தெண்ணூறு என்றால் இந்த ஊரில் இதைவிட நல்ல விலைக்கு எவனும் எதையும் விற்றதில்லை... பிறகு ஏன் கை ஓடவில்லை?

கை ஓடாததற்குக் காரணம் கடையின் அந்தப் பக்கத்தில் நின்று கயிறு அளந்துகொண்டிருந்தது. கலீலுர் றஹ்மான், அவர் மனைவி றுக்கியாவின் தம்பி, கடையில் சரிபாதிப் பங்குக்காரர், சல்லிக் கிராமத்திலிருந்து வந்த ஒரு தோணிக்காரருக்கு நைலோன் கயிற்றை இரண்டு கையையும் விரித்துப் பாகம் பாகமாக அளந்துகொண்டிருந்தார், அவருடைய பாகம் எப்போதும் அரைச்சாண் கட்டை, அது ஊருக்கே தெரியும், அதனால் ஊரும் அரைச்சாணுக்குச் சேர்த்தே விலை குறைக்கும், ஆக யாருக்கும் நட்டமில்லை. "பாகம் ரெண்டு ரூபாயோ? என்ன முதலாளி, கயிறு விக்கிறீங்களோ சங்கிலி விக்கிறீங்களோ? ஒண்டரை போடுங்கோ." "ஒண்டரைக்கு ஆட்டுக்குட்டி கட்டலாம் தம்பி, தோணி கட்ட ஏலாது." "எங்கட தோணியும் ஆட்டுக்குட்டி அளவுதான், ஒண்டே முக்கால் போடுங்கோ, போவம்." ஒன்றே முக்காலுக்கு முடிந்தது, முடியும் என்று மூன்று பேருக்கும் தொடக்கத்திலேயே தெரியும், அபூதாஹிருக்கு அது தெரிய நிமிர்ந்து பார்க்கக்கூடத் தேவையில்லை. இந்தக் கயிறு... தும்புக்கயிறு விற்ற காலத்தில் கிண்ணியாவில் ஆறு பெண்கள் மட்டையை ஊறப்போட்டு, அடித்து, திரித்து ஒரு சுருள் முடிக்க இரண்டு நாள், இப்போது யப்பானில் எங்கேயோ ஒருவன் ஒரு பொத்தானை அமத்துகிறான், சுருள் சுருளாக வந்து விழுகிறது, அந்த ஒருவனுக்கு நாளுக்கு நூறு ரூபாய் கொடுத்தாலும் கயிறு மலிவுதான், கப்பலில் முன்னர் நாற்பது பேர் முதுகில் இறக்கிய மூட்டையை இப்போது ஒரு பாரந்தூக்கியும் ஆறு பேரும் இறக்குகிறார்கள், அந்த ஆறு பேருக்கும் முந்திய நாற்பது பேரைவிடச் சம்பளம் அதிகம், அதுவும் கட்டுப்படியாகிறது. எல்லாம் சுருங்கிக்கொண்டே வருகிறது, நேரம், ஆள், வேலை. கமலேஸ்வரியின் பதினொரு நிமிடத்தை மட்டும் யாராலும் சுருக்க முடியவில்லை. ஒரு பொத்தானை அமத்தி அவளை ஐந்தரை நிமிடத்தில் அழவைத்தால் பாதி விலைக்கு அழுகை கிடைக்குமா? கிடைக்காது, அது அழுகையாக இருக்காது, விக்கலாகத்தான் இருக்கும்.

"மச்சான்," என்று அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது, தோணிக்காரர் போய்விட்டார், "ஒண்டு கேட்கணும் எண்டு நினைச்சேன். தும்புக்கயித்தத் தின்ட எலி இப்ப நைலோனையும் தின்னப் பழகிட்டுதா? போன வருஷமும் ஆயிரத்துக்கு மேல எழுதியிருக்கீங்களே." அபூதாஹிர் தலையை நிமிர்த்தவில்லை. "பல்லு நல்ல எலி." "வருஷா வருஷம் செலவு கூடுது மச்சான், அதுக்குக் கலியாணம் முடிச்சுக் குடுத்திட்டீங்களோ? புள்ளகுட்டியும் இருக்கும் போல." "பூனை ஒண்டு வாங்குவம்." "பூனை மேடை ஏறுமா மச்சான்?" என்று கேட்டுவிட்டு றஹ்மான் சிரித்தார், அல்லது இருமினார், கயிற்றுத் தூசியில் எது எது என்று பிரித்தறிய முடியவில்லை. மேடை என்றாரா, மேலே என்றாரா... மேடை என்றுதான் சொன்னார். அப்படியானால் தெரியுமா? எவ்வளவு தெரியும்? தெரிந்தவன் பதினெட்டு வருடம் சும்மா இருப்பானா, அதுவும் கையை விரித்து அரைச்சாண் மிச்சம் பிடிக்கிறவன்? தெரியாதவன் இப்படிக் கேட்பானா? அபூதாஹிர் மறுபடி பேனாவின் மூடியைப் பூட்டினார்.

நிறைந்த மண்டபம் நட்டம் தரும் என்பதை அவர் கண்டுபிடித்தது இரண்டாம் வருடத்தில். கடையில் சரக்கு விற்காவிட்டால் நட்டம், விற்றால் லாபம், இதைக் கைக்குழந்தைக்கும் விளக்கலாம், ஆனால் நாடகத்தில் எல்லா ரிக்கற்றும் விற்று, வாசலில் ஆள் திரும்பிப் போய், அதற்குப் பிறகும் கையைக் கடிக்கிறது, போன வருடக் கணக்கையே எடுத்தால், முன்னுக்கு நூற்றிருபது கதிரை நாலு நாலு ரூபாய், பின்னுக்குப் பாயில் இருநூறு பேர் ஒன்றரை ஒன்றரை, ஆக எழுநூற்றெண்பது, இரண்டு நாள் ஆட்டம், ஆயிரத்து ஐந்நூற்றறுபது, அதற்கு மேல் ஒரு சதம் வருவதற்கு வழியில்லை, சுவரை இடித்தால்தான் உண்டு. செலவு இரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தைந்து. பதினாறு பேர், முப்பது நாள் ஒத்திகை, பஸ் காசு, தேத்தண்ணி, மண்டப வாடகை, ஹார்மோனியக்காரர், ஒத்திகைக்காக அரைநாள் சம்பளம் விட்டவர்களுக்கு அந்த அரைநாள்... அறுபத்தொன்றில் அரைநாள் என்பது ஒன்றேகால் ரூபாய், இப்போது சீனன்குடாப் பக்கம் புதிதாகக் கட்டுகிற ஆலையில் மண் சுமந்தாலே நாளுக்கு இருபத்தைந்து, மண் சுமக்கிறவனுக்கு இருபத்தைந்து கிடைக்கிற ஊரில் ராசாவுக்கு ஐந்து ரூபாய் கொடுத்தால் ராசா மண் சுமக்கப் போய்விடுவான், போகவும் செய்தான், எழுபத்தேழில், முடியைக் கழற்றி வைத்துவிட்டு. சரி, செலவைக் குறைக்கலாமே என்று ஒரு வியாபாரிக்குத் தோன்றாதா? தோன்றியது. படைவீரர் ஆறு பேரை இரண்டாக்கினார், இரண்டு பேர் போன போருக்கு அரசன் அவ்வளவு கவலைப்படுவானேன் என்று பாயில் இருந்த ஒருவர் சத்தமாகவே கேட்டார். மந்திரியையும் தூதனையும் ஒரே ஆளாக்கினார், இராசையா, துறைமுகத்தில் வெல்டிங் வேலை, நல்ல குரல், தூதனாக வந்து செய்தி சொல்லிவிட்டுச் சால்வையைத் திருப்பிப் போட்டு மந்திரியாக நின்று அந்தச் செய்தியைக் கேட்டுத் தானே திடுக்கிட வேண்டும், திடுக்கிட்டான், ஆனால் சால்வையைத் திருப்ப மறந்துவிட்டான், இளவரசன் செத்த செய்திக்கு மண்டபம் கூரை அதிரச் சிரித்தது, சோமசேகரம் மாஸ்டர் இரண்டு மாதம் கடைப்பக்கம் வரவில்லை. எழுபத்துநாலில் ரிக்கற் விலையைக் கூட்டிப் பார்த்தார். முன் கதிரை நிறைந்தது, அதில் பாதி இலவசப் பாஸ், பாய் வெறிச்சோடிப் போனது, துறைமுகத் தொழிலாளிகளின் பெண்கள்தான் பாய்க்கு வருகிறவர்கள், அவர்களில்லாமல் கமலேஸ்வரி வெறும் பாய்க்கு அழுதாள், அன்றைக்கு மட்டும் ஏழு நிமிடம்தான். வாசலில் காசுப்பெட்டியோடு இருந்த அவருக்குக் கடிகாரத்தைப் பார்த்து அது தெரிந்தது. சினிமாக்காரனுக்கு இந்தத் தொல்லை இல்லை, மதராசில் ஒருத்தி ஒரு நாள் அழுதால் போதும், அந்த அழுகையைப் பெட்டியில் போட்டு ஆயிரம் ஊருக்கு அனுப்புகிறான், நாளுக்கு மூன்று ஆட்டம், ஆளுக்கு ஒரு ரூபாய் பத்துச் சதம், அழுதவள் அந்த நேரம் வீட்டில் இருந்து வெற்றிலை போடுவாள்.

காலையில் பாக்கியரத்தினம் வந்தபோது இதையெல்லாம் சொல்லியிருக்கலாம். சொல்ல வாயும் திறந்தார். அந்த மனிதர் கதிரையில் இருக்கும் முன்னமே கையைப் பிடித்துக் குலுக்கத் தொடங்கிவிட்டார். "மிஸ்டர் அபூதாஹிர், உங்களைச் சந்திக்க வேணும் எண்டுதான் ரெண்டு மாசமா நினைச்சுக்கொண்டிருக்கிறன். இலங்கை முழுக்க எத்தனை மன்றத்தின்ர கணக்குப் பார்த்திட்டன், எல்லாம் நட்டம், அழாத குறை. நீங்கள் ஒரு ஆள்தான் பதினெட்டு வருஷமும் லாபம்!" லாபம் பதினொரு ரூபாய்க்கும் பதினாலு ரூபாய்க்கும் இடையில், போன வருடம் பன்னிரண்டு, விளக்குப் பழுதாகி முதல்நாள் ஆட்டம் பாதியில் நின்ற வருடம்கூடப் பதினொன்றே முக்கால். "அப்ப உங்களுக்கு ஏன் அரசாங்கக் காசு? நட்டப்படுகிறவைக்குத்தானே அது. உங்களுக்கு ஒரு பாராட்டுக் கடிதம் தாறன். வாற மாசம் நீங்கள் கொழும்புக்கு வந்து மற்ற மன்றக்காரருக்கு ஒரு பேச்சுப் பேச வேணும், நாடகத்தில எப்படி லாபம் எடுக்கிறது எண்டு." பக்கத்தில் சோமசேகரம் மாஸ்டர் பெருமையில் இரண்டு அங்குலம் உயர்ந்து நின்றார், காசு இல்லாமல் போகிறது என்பதுகூட அந்த நேரம் அவருக்கு உறைக்கவில்லை. முந்நூற்றிருபது பேருக்கு இடமுள்ள மண்டபத்தில் அறுநூறு பேருக்கு மேல் ரிக்கற் எடுத்தால்தான் அந்தக் கணக்கு வரும் என்று கொழும்பு மனிதருக்கு வகுத்துப் பார்க்கத் தோன்றவில்லை, வகுக்கத் தெரிந்தவன் கலாசாரக் கந்தோருக்கு ஏன் போகிறான்? பிறகு மூவருமாக நூதனசாலை என்று சொல்லப்படுகிற அறைக்குப் போனார்கள், அதையும் பார்த்து அறிக்கை எழுத வேண்டுமாம், ஒல்லாந்தர் காலத்துக் கட்டடத்தில் ஓர் அறை, மூன்று பீரங்கிக் குண்டு, ஒரு நங்கூரம், ஒரு காவலாளி. நாளுக்கு நாலு பேர் வந்தால் அதிகம், தலைக்கு இருபத்தைந்து சதம், காவலாளியின் மாதச் சம்பளம் முந்நூற்றைம்பது. நங்கூரத்தைத் தடவிப் பார்த்துப் பாக்கியரத்தினம் சொன்னார், "இது விலைமதிக்க ஏலாத பொருள், மிஸ்டர் அபூதாஹிர்." பழைய இரும்பாக எடைக்குப் போட்டால் என்ன வரும் என்று அபூதாஹிர் அதற்கு முன்னமே மனதுக்குள் மதித்து முடித்திருந்தார், ஆனாலும் அந்த மனிதர் சொன்னதில் ஒரு சரி இருந்தது, விலைமதிக்க முடியாதது என்றால் வாங்க ஆளில்லாதது, அதே நேரம் விற்கவும் மனம் வராதது, இரண்டுக்கும் நடுவில் ஒரு காவலாளி எட்டு மணித்தியாலம் உட்கார்ந்திருக்க வேண்டும், அவன் எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும் எட்டு மணித்தியாலக் காவலை நாலு மணித்தியாலத்தில் காத்து முடிக்க முடியாது. கமலேஸ்வரியின் வியாதிதான் நங்கூரத்துக்கும். திரும்பும் வழியில், எதற்கென்று தெரியாமல், அவர் சொன்னார், "சேர், போன மூண்டு வருஷக் கணக்கில ஒரு சின்னப் பிழை இருக்கு, திருத்தித் தாறன்." "பிழையோ? லாபம் இன்னும் கூடவோ?" என்று கேட்டார் பாக்கியரத்தினம். "நாலரைக்கு முந்தி அனுப்புறன் சேர்."

பிழை. பதினெட்டு வருடமாக ஒரே பிழை. நட்டத்தை எழுதி ஊருக்குக் காட்டுகிற வியாபாரி உண்டா? வாப்பாவின் கடையில் நெருப்புப் பிடித்த அன்று, பின் அறையில் சீலைக்கட்டு எரிந்துகொண்டிருக்க, முன்வாசலில் வாப்பா நின்றுகொண்டு, ஒன்றுமில்லை, சாம்பிராணி கொஞ்சம் கூடிப்போச்சு என்று சொன்னவர், நட்டம் என்று வாய் சொன்னால் கொழும்பில் கடனுக்குச் சரக்குத் தருகிறவன் அடுத்த கிழமையே கையை இழுத்துக்கொள்வான், பெண்ணெடுக்கப் பேசுகிறவன் அடுத்த தெருவால் போவான். அறுபத்தொன்றில், முதல் நாடகம் முடிந்து கணக்கைக் கூட்டியபோது நூற்றுப் பதினெட்டு ரூபாய் குறைந்தது, தன் கையெழுத்துக்குக் கீழே அந்தச் சொல்லை எழுத மனம் வராமல், கடை மேசை லாச்சியிலிருந்து நூற்று முப்பது ரூபாயை எடுத்துப் போட்டு, ரிக்கற் விற்பனை என்று எழுதி, பன்னிரண்டு ரூபாய் லாபம் காட்டினார். லாச்சியில் குறைந்த காசுக்கு ஒரு காரணம் வேண்டுமே, கடைப் பேரேட்டில் எழுதினார், எலி தின்ற கயிறு. ஒரு புத்தகத்தில் ரிக்கற் கூடியது, மற்றப் புத்தகத்தில் கயிறு குறைந்தது, இரண்டு பொய்யும் ஒன்றுக்கொன்று முட்டுக் கொடுத்து நின்றன, ஒன்றை எடுத்தால் மற்றது விழும். கயிற்றுக் கணக்கு அவருடைய பொறுப்பு, சீமெந்துக் கணக்கு றஹ்மானுடைய பொறுப்பு, ஒருவருக்கு ஒரு பக்கம், மச்சானுடைய பக்கத்தை அவர் ஒருநாளும் புரட்டிப் பார்த்ததில்லை, புரட்டினால் மச்சானும் இந்தப் பக்கத்தைப் புரட்டுவார் என்ற பயம்தான். இப்போது கொழும்புக்கு உண்மையை எழுதினால் அடுத்த கிழமை ஊருக்குத் தெரியும், மன்றத்துக்கு நட்டமென்றால் அந்த நட்டத்தை யார் அடைத்தது என்று முதலில் கேட்கப் போகிறவர் அதோ கயிற்றைச் சுருட்டுகிறார், அவர் கேட்டால் றுக்கியாவும் கேட்பாள். பதினெட்டு வருடத்தில் பதினோராயிரத்து நானூற்றறுபது ரூபாய், ஒரு பெண் அழுவதற்கு! அழுவதற்கு மட்டுமா என்று கேட்பார்கள், ஊர் கேட்காமல் விடாது. எழுதாமல் விட்டால்? நைலோன் வந்த பிறகு எலிக்குப் பல் இல்லை, றஹ்மான் எண்ணத் தொடங்கிவிட்டார், இந்த வருடம் எலி சாகத்தான் வேண்டும், எலி செத்தால் நாடகமும் சாகும்.

மற்ற எல்லாவற்றுக்கும் அவர் பேரம் பேசியிருக்கிறார். மண்டப வாடகைக்கு, பெற்றோமாக்ஸ் விளக்குக்கு, வாடகை முடிக்கு, ராசாவின் தாடிக்குக்கூட, தாடியில் பாதி உதிர்ந்துபோய் இருக்கிறது, அரைத்தாடிக்கு முழுக்காசு தர ஏலாது என்று சொல்லி நாற்பது சதம் குறைத்தார். அழுகைக்கு மட்டும் ஒருநாளும் பேசவில்லை. முதல் வருடம் கமலேஸ்வரி, அப்போது தையல் வேலை, இருபத்திரண்டு வயதிருக்கும், இந்த மேசைக்கு முன்னால் நின்று "பத்து ரூபா வேணும் நானா" என்று அண்ணன் முறை வைத்துச் சொல்லிவிட்டு அவர் ஐந்து என்பார், தான் எட்டு என்று சொல்லலாம் என்ற கணக்கோடு காத்து நின்றாள், அவர் லாச்சியைத் திறந்து பத்தை எடுத்துக் கொடுத்துவிட்டார். அவளுடைய முகம் கறுத்துப் போனது. "என்ன நானா, குறைக்க மாட்டீங்களோ?" குறைத்துக் கேட்டுவிட்டோம் என்று நினைத்தாளா, தன் வேலை பேரம் பேசவும் தகுதியில்லாதது என்று நினைத்தாளா... அடுத்த வருடம் பதினைந்து கேட்டாள், அதற்கும் அவர் பேசவில்லை, பிறகு வருடா வருடம் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக்கொண்டே வந்தாள், எங்கேயாவது ஓரிடத்தில் இந்த மனிதர் கூடிப்போச்சு என்று சொல்வார் என்று பார்க்கிறவள் மாதிரி. போன கிழமை வந்தாள், தலையில் இரண்டு மூன்று நரை. "எழுபத்தஞ்சு நானா. நிலாவெளியில ஹோட்டல்காரர் நாளுக்கு நாப்பது தாறம் எண்டினம், வாறவைக்கு மாலை போட்டு வரவேற்கிற வேலை. அங்க அழத் தேவையில்ல, சிரிச்சாக் காணும்." "அப்ப சிரிக்கப் போறியா புள்ள?" "ஆவணிக்கு நாடகம் இருக்கெண்டால் லீவு கேப்பன். இல்லையெண்டால் இனிக் கேக்கத் தேவையில்லைத்தானே." எழுபத்தைந்தா, சரி என்றார். அவள் போனாள். இதில் வேடிக்கை என்னவென்றால் அந்த அழுகையை அவர் கண்ணால் கண்டதே இல்லை. பொருளாளர் வாசலில் காசுப்பெட்டியோடு இருக்க வேண்டும், கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து சத்தம் மட்டும்தான் வரும், முதலில் ஒன்றுமில்லாத ஒரு அமைதி, பிறகு தொண்டையில் ஏதோ அறுகிற மாதிரி, பிறகு... அவர் சில்லறையை எண்ணிக்கொண்டிருப்பார், எண்ணி முடித்ததை மறுபடி எண்ணுவார். பார்க்காத சரக்குக்கு இத்தனை வருடம் காசு கொடுத்த வியாபாரி இந்த வீதியில் அவர் ஒருவராகத்தான் இருப்பார்.

"நான் மூதூர் லோஞ்சுக்குப் போறன் மச்சான்," என்று றஹ்மான் சால்வையைத் தோளில் போட்டார், ஒவ்வொரு மாதமும் கடைசி வெள்ளிக்கு அந்த மோட்டார்ப் படகில் குடாவைக் கடந்து போவார், கடன் அறவிட, பத்திரிகைத் தாளில் சுற்றிய ஒரு பொதி போகும், திரும்பி வரும்போது பொதியும் இருக்காது, அறவிட்ட காசும் இருக்காது, மூதூர்க்காரன் கள்ளன் என்பார். "என்ன எழுதுறீங்க இவ்வளவு நேரமா? ஒஸியத்தா, சொத்துப் பிரிக்க?" "நாடகக் கணக்கு." "ஆ, லாபக் கணக்கு," என்று சொல்லி றஹ்மான் குடையை எடுத்துக்கொண்டு படியில் இறங்கினார். வெயில் வீதியில் வெள்ளைத்தகடு மாதிரிக் கிடந்தது. மணி மூன்று நாற்பது. அபூதாஹிர் தாளை இழுத்து ஒரே மூச்சில் எழுதினார், எழுபத்தாறு, நட்டம் ஆயிரத்து இருபது, எழுபத்தேழு, நட்டம் ஆயிரத்து நூற்றெண்பத்தைந்து, எழுபத்தெட்டு, நட்டம் ஆயிரத்து முந்நூற்றுத் தொண்ணூற்றைந்து, ஆக மூவாயிரத்து அறுநூறு, கையெழுத்து. சுவர் ஒன்றும் இடிந்து விழவில்லை.

சோமசேகரம் மாஸ்டர் சைக்கிளை வாசல் தூணில் சாய்த்துவிட்டு உள்ளே வந்து தாளை வாங்கி நின்ற நிலையிலேயே வாசித்தார், பிறகு கதிரையில் இருந்து வாசித்தார். "முதலாளி, இது காசு எடுக்கிறதுக்காக எழுதினதுதானே? மெய்க்கணக்கு மற்றதுதானே?" "இல்ல மாஸ்டர். மற்றது பொய். இதுதான் மெய்." மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றினார், துறைமுகக் கந்தோரில் இருபத்தாறு வருடம் கிளாக்கர், மாஸ்டர் என்பது நாடகம் பழக்கியதால் வந்த பெயர், கணக்கு மட்டும் வராது. "பதினெட்டு வருஷமா நான்... வீட்டில கூட, என்ர நாடகம் எண்டால் சும்மாவோ, லாபத்தில ஓடுற நாடகம் எண்டு... அப்ப சனம் வரேல்லையோ? ஹோல் நிறைஞ்சதெல்லாம்?" "ஹோல் நிறைஞ்சது மாஸ்டர். நிறைஞ்ச ஹோலுக்குத்தான் இந்த நட்டம். பாதி ஹோல் எண்டால் இன்னும் இருக்கு." "நிறைஞ்சும் நட்டமோ?" "நிறைஞ்சும் நட்டம். நீங்கள் குறைவா எழுதினதால இல்ல, நல்லா எழுதினாலும் பதினாறு பேர் வேணும், முப்பது நாள் வேணும். இராசையாவ ரெண்டு ஆளாக்கிப் பாத்தமே." மாஸ்டருக்குச் சிரிப்பு வரப்பார்த்தது, வரவில்லை. "அப்ப குறைஞ்ச காசை யார் போட்டது?" அபூதாஹிர் மேசைத் தூசியைக் கையால் துடைத்தார். "எலி." "என்ன?" "நாலு மணி ஆகுது மாஸ்டர், பஸ் போயிடும். நட்டம் எண்டு எழுதிக் குடுத்தால் அந்த மனுசன் என்னைக் கொழும்புக்குப் பேசக் கூப்பிட மாட்டார், அது பெரிய லாபம்." மாஸ்டர் தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு சைக்கிளில் ஏறினார், புழுதிக்குள் சங்கிலி கறகறத்துப் போனது. நாடகம் நடக்கும், கமலேஸ்வரி லீவு கேட்பாள். செலவைக் குறைக்க மாஸ்டர் அடுத்த நாடகத்தில் யாரையும் சாகவிடாமல் எழுதினாலும் எழுதுவார், அப்படி நினைத்தபோது அபூதாஹிருக்குக் கொஞ்சம் பயமாக இருந்தது.

முட்டுக் கொடுத்து நின்ற ஒரு பொய்யை எடுத்தாயிற்று, மற்றப் பொய் விழ முன்னர் தானே இறக்கி வைத்துவிடுவதுதான் புத்தி, மச்சான் மூதூரிலிருந்து காலையில் வருவதற்குள் எழுதிவிட வேண்டும். அலுமாரியைத் திறந்து கடைப் பேரேடுகளை எடுத்தார், பதினெட்டு, தூசு தட்டி, தன் பக்கத்து எலிகளை வருடம் வருடமாக ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கூட்டினார், மனதிலிருந்த அதே தொகை, பதினோராயிரத்து நானூற்றறுபது, அதில் பாதி றஹ்மானுக்குச் சேரவேண்டியது, ஐயாயிரத்து எழுநூற்று முப்பது, அபூதாஹிர் பெற்ற கடன் என்று கடைசிப் பேரேட்டில் எழுதி, என்ன சரக்குக்கு என்ற இடத்தில் பேனா நின்றது. கயிறு என்று எழுத முடியாது இனி. அழுகை என்று எழுதலாமா, கடைப் பேரேட்டில்? கேட்டது மட்டும்தானே, வாங்கியதா அது? மை காயுமுன்னர் காற்று ஒரு பக்கத்தைப் புரட்டிவிட்டது, மச்சானுடைய பக்கம், சீமெந்துக் கணக்கு, அவர் மூடத்தான் போனார். எழுபத்தெட்டு, ஆடி மாதம், மழையில் நனைந்த சீமெந்து, எட்டு மூடை. ஆடியில்? ஆடியில் இந்த ஊரில் மழை ஏது, கச்சான் காற்றில் கிணறே வற்றிக் கிடக்கும்... முந்திய புத்தகத்தை எடுத்தார். எழுபத்தேழு, வைகாசி, மழையில் நனைந்த சீமெந்து. எழுபத்தாறு, ஆனி. எழுபத்தைந்து, ஆடி, ஆடி, ஆவணி. அறுபத்துமூன்று வரைக்கும் போனார், ஒவ்வொரு கோடையிலும் மழை, அழகான கையெழுத்தில், ஒரு அடித்தல் திருத்தல் இல்லாமல். பதினாறு வருடம் மூதூர் லோஞ்சில் போன பொதி அவருக்கு நினைவுக்கு வந்தது, அது என்ன அளவு, என்ன கனம் என்று யோசித்துப் பார்த்தார், ஒருநாளும் கவனித்ததில்லை. எங்கே பெய்தது அந்த மழை? யாருக்கு? கேட்கலாம். கேட்டால் எலிக்கு என்ன பேர் என்று அவரும் கேட்பார்.

வெளியே வெயில் கொஞ்சம் சாய்ந்திருந்தது, வாடிவீட்டுப் பக்கமிருந்து பஸ் ஒன்றின் ஹோர்ன் கேட்டது. அவர் கடனென்று எழுதிய வரியைப் பார்த்தார், சரக்கு என்ற இடம் இன்னும் வெறுமையாகத்தான் இருந்தது, அதை அப்படியே விட்டுவிட்டுத் துண்டுத் தாளைத் திருப்பி, மழையையும் கூட்டினார். எலி, பதினோராயிரத்து நானூற்றறுபது. மழை, ஒன்பதாயிரத்து எண்ணூற்றெழுபத்தைந்து. வித்தியாசம் ஆயிரத்து ஐந்நூற்றெண்பத்தைந்து. அதில் பாதி, மச்சானுக்குத் தரவேண்டியது, எழுநூற்றுத் தொண்ணூற்றிரண்டு ரூபாய் ஐம்பது சதம்.